வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு

வழக்கறிஞரிடம் போகும் கட்சிக்காரர் முதலில் கையெழுத்துப் போடுவது வக்காலத்துப் படிவத்தில்தான். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண்ணுக்குக் காலியிடம், நடுவில் பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்த ஒரு நீண்ட பத்தி, சேமநல நிதி ஸ்டாம்ப் ஒட்ட ஓர் இடம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் முன்சீப் கோர்ட் ஆனாலும், மதுரை மாவட்ட நீதிமன்றம் ஆனாலும், யானைமலைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை ஆனாலும் நடைமுறை ஒன்றுதான். குமாஸ்தா விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ விழுகிறது. அந்தப் பத்தியை யாரும் படித்துக் காட்டுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

படித்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். வழக்கை நடத்துவதற்கு மட்டும் அது அதிகாரம் கொடுக்கவில்லை. எதிர்த்தரப்போடு சமரசம் பேச, வழக்கை வாபஸ் வாங்க, கோர்ட்டில் கட்டிய பணத்தை எடுக்க, தாக்கல் செய்த ஆவணங்களைத் திரும்பப் பெற என்று கட்சிக்காரர் செய்யக்கூடிய அத்தனை காரியங்களுக்கும் அது பெரும்பாலும் இடம் கொடுக்கிறது. தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் இது. வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தால் எந்த வழக்கும் நகராது.

வழக்கறிஞர் தொழில் நெறி விதிகளை இந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினால்தான் அவை புரியும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் அவற்றை வகுத்திருக்கிறது. நீதிமன்றத்துக்குச் செய்ய வேண்டிய கடமை, கட்சிக்காரருக்கு, எதிர்த்தரப்புக்கு, சக வழக்கறிஞருக்கு என்று பகுதி பிரித்து எழுதியிருக்கிறார்கள். கறுப்பு கவுன், கழுத்துப் பட்டை, நீதிபதி முன் நடந்துகொள்ளும் பாங்கு ஆகியவைதான் தொழில் நெறி என்று பொதுவாக நினைக்கிறோம். விதிப்புத்தகத்தில் பெரிய பகுதி கட்சிக்காரரைப் பற்றியது. 11ஆம் விதி தொடங்கி 33ஆம் விதி வரை அதுதான். அந்த ஒரு கையெழுத்தால் வந்த அதிகாரத்தை வழக்கறிஞர் எப்படியெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்பதே அவற்றின் சாரம்.

முதலில் பணம். மதுரையைச் சுற்றிய ஊர்களில் இந்தப் பேச்சு அதிகம் எழுவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில். நான்குவழிச் சாலையில் பைக்கில் போன மகனை லாரி அடித்துவிடுகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு இடையிலேயே ஒரு புதியவரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். "நீங்க ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்யா, எல்லாம் வக்கீல் பார்த்துக்குவார், பணம் வந்ததும் இவ்வளவு சதவீதம் கொடுத்தா போதும்" என்கிறார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற கெடுவும் வந்திருப்பதால், அந்த அவசரத்தையும் அவர் பயன்படுத்திக்கொள்கிறார்.

விதி 20 இதை நேரடியாகத் தடுக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கும் கேட்கக் கூடாது. இது இன்று நேற்று வந்த கொள்கை இல்லை. கிடைப்பதில் பாதி என்று ஒப்பந்தம் போட்ட ஒரு மூத்த வழக்கறிஞரின் செயல் தொழில் ஒழுக்கக்கேடுதான் என்று 1954லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017 டிசம்பரில் தெலங்கானாவிலிருந்து வந்த சுனிதா வழக்கு இன்னும் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டியது. விபத்தில் கணவரை இழந்த பெண் இழப்பீடு பெறுகிறார். வழக்கறிஞருக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டார். அதற்கு மேலும் சதவீதக் கணக்குப் பேசி இன்னொரு 10 லட்சத்துக்கு அவரிடம் செக் வாங்கப்படுகிறது. செக் திரும்பியதும் அந்தப் பெண்மீதே செக் மோசடி வழக்கு. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது.

சதவீதம் இல்லாவிட்டால் ஏழைகளுக்கு யார் வாதாடுவார்கள் என்று வழக்கறிஞர்கள் பலர் கேட்பதுண்டு. அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. முன்பணம் கொடுக்க முடியாத குடும்பத்துக்காக ஜெராக்ஸ் செலவிலிருந்து டாக்டர் சாட்சிக்கான படி வரை தன் கையிலிருந்து போட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வழக்குச் செலவுக்காகக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்ற விதி 32-ன் கண்ணில் அதுவும் சிக்கலாகலாம் என்பது வருத்தத்துக்குரியது. ஆனாலும் சதவீதத் தடை சரியானது என்பதுதான் என் முடிவு. பங்கு பேசிய நாளிலிருந்து வழக்கறிஞரும் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுகிறார். காப்பீட்டு நிறுவனம் குறைந்த தொகைக்குச் சமரசம் பேசும்போது, காத்திருப்பது குடும்பத்துக்கு லாபமா, இன்றைக்கே முடிப்பது தனக்கு லாபமா என்று அவர் மனம் கணக்குப் போடும். மகனைப் பறிகொடுத்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது தன் கணக்கைப் போடாத ஒரு ஆள்.

ஏழைகளுக்கான வழி வேறு இடத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

துக்க வீட்டில் வந்து உட்கார்ந்த அந்தத் தரகருக்கும் சட்டம் இருக்கிறது. வழக்குப் பிடித்துக் கொடுத்துக் காசு பார்ப்பவர்களின் பட்டியலை உயர் நீதிமன்றமும் மாவட்ட நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் தயாரித்து வெளியிடலாம் என்று 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 45A என்ற பிரிவைச் சேர்த்தது. பட்டியலில் பெயர் வந்த பிறகும் தரகு வேலை பார்த்தால் 3 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். 500 ரூபாய் யாரையும் தடுக்காது. பெயர் ஊரறிய வெளிவருவதுதான் கொஞ்சமாவது உறைக்கும். ஆனால் தரகரை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு, அவர் கொண்டுவரும் வழக்குக் கட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கறிஞரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் இதில் ஒன்றும் மாறாது. தரகர் மூலம் வழக்குப் பிடிப்பதையும் விதி 36 தடுக்கத்தான் செய்கிறது.

பணம் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் விதிகள் விரிவாகச் சொல்கின்றன. கட்சிக்காரரின் பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும். வாங்கியது ஃபீஸா, செலவுக்கா என்று பிரித்து எழுத வேண்டும். செலவுக்கு வாங்கியதை வழக்கு நடக்கும்போது ஃபீஸாக மாற்றிக்கொள்ள வேண்டுமானால் கட்சிக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவர் சார்பில் பணம் வந்தால் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். கணக்கின் நகல் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பலருக்கும் தெரியாத உரிமை இது: "என் கணக்கைக் காட்டுங்கள் சார்" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, விதி 30 கொடுத்த உரிமை. படிப்பறிவு இல்லாதவர்கள், சிறுவர்களின் இழப்பீட்டை வங்கியில் நீண்டகால வைப்பாகப் போட வேண்டும் என்று சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்ததும், இப்போது தொகையை நேரடியாகக் கட்சிக்காரர் கணக்குக்கே அனுப்புமாறு நீதிமன்றங்கள் வலியுறுத்துவதும் இந்த அனுபவங்களின் விளைவுதான்.

அடுத்தது கட்டு. அசல் பத்திரம், பட்டா நகல், வில்லங்கச் சான்று, தாத்தா காலத்துக் கிரய ஆவணம் எல்லாம் சேர்த்து நாடாவால் கட்டி வைத்த அந்தக் காகித அடுக்கில் ஒரு குடும்பத்தின் நிலம் முழுவதும் இருக்கிறது. வழக்கறிஞரை மாற்ற நினைக்கும் கட்சிக்காரர் முட்டிக்கொள்வது இங்கேதான். பழைய வழக்கறிஞரின் வக்காலத்து இருக்கும்போது இன்னொருவர் ஆஜராக வேண்டுமானால் முன்னவர் சம்மதம் வேண்டும் என்கிறது விதி 39. அதைத்தான் கோர்ட்டில் என்.ஓ.சி. என்கிறார்கள். "பாக்கி ஃபீஸ் கொடுத்தாத்தான் என்.ஓ.சி., அப்பத்தான் கட்டு" என்று பதில் வந்ததும் பலர் அங்கேயே சோர்ந்துபோய்த் திரும்புகிறார்கள். வாய்தாவுக்கு யாரும் போகாமல் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடிந்த கதைகளும் உண்டு.

இந்தக் கேள்விக்கு 2000ஆம் ஆண்டில் சக்சேனா வழக்கில் தெளிவான விடை கிடைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கி தன் வழக்கறிஞரை மாற்றியது. அவர் 97 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி என்று சொல்லிக் கட்டுகளைத் தர மறுத்தார். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது, அப்படி வைப்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழக்குப் போடலாம், கட்டைத் தொடக் கூடாது. அது போலவே, என்.ஓ.சி. கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிடவில்லை. காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம் என்று அதே விதி 39 சொல்கிறது.

வழக்கைப் பற்றிப் பொய் சொல்வது மூன்றாவது. தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். காது கேளாத முதியவர் ஒருவர், 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு பிராமிசரி நோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொல்கிறார். வழக்கறிஞர் வழக்கே போடவில்லை. போட்டாயிற்று என்றும் இன்ன தேதியில் விசாரணைக்கு வருகிறது என்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கெடு முடிந்துபோகிறது. மாநில பார் கவுன்சில் 6 ஆண்டு தடை விதித்தது, இந்திய பார் கவுன்சில் அதை 1 ஆண்டாகக் குறைத்தது. 1978ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சும்மா வீட்டில் உட்கார வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்ற நோக்கில், அந்தக் காலத்தை இலவசச் சட்ட உதவிப் பணியில் கழிக்கவும் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கவும் வழி செய்தார். அமர்விலேயே நீதிபதி சென் இதை ஏற்கவில்லை. எனக்கும் இரண்டு மனம்தான். ஏமாற்றியவரையே இன்னொரு ஏழைக்கு வழக்கறிஞராக அனுப்புவது நெருடுகிறது. ஆனால் ஏமாந்தவர் கையில் ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று யோசித்த தீர்ப்புகள் இந்தத் துறையில் அரிது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். வழக்கு தோற்றதெல்லாம் வழக்கறிஞரின் ஒழுக்கக்கேடு ஆகாது. நல்லெண்ணத்தோடு கொடுத்த ஆலோசனை தப்பாகப் போவது வேறு, தெரிந்தே ஏமாற்றுவது வேறு என்று 1983ல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. கோபத்தில் புகார் எழுதுமுன் கட்சிக்காரர் இதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கின் நிலையை அறிய இப்போது யாரையும் நம்பியிருக்கத் தேவையும் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தாவும் கடந்த உத்தரவும் தெரிந்துவிடும். எழுதத் தெரியாதவர் பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வழக்கு எண் விழுந்ததும் அந்த 16 இலக்கத்தை எனக்கு எழுதிக் கொடுப்பீர்களா என்பதே.

"ஜட்ஜ்கிட்ட பேசி முடிச்சுத் தர்றேன், கொஞ்சம் செலவாகும்" என்ற பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி நீதிபதியிடம் தனிப்பட்ட முறையில் பேசுவதையே விதிகள் தடுக்கின்றன. ராஜஸ்தானில் 50 ஆண்டு அனுபவம் உள்ள ஒரு வழக்கறிஞர், நீதிபதிக்குக் கொடுக்க 10,000 ரூபாய் அனுப்பும்படி கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதினார். பார் கவுன்சில் அளவில் தண்டனை ஏறியும் இறங்கியும் கடைசியில் வெறும் கண்டிப்பாகச் சுருங்கியது. 2001ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர் பெயரை வழக்கறிஞர் பதிவேட்டிலிருந்தே நீக்கிய உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது. வயதும் அனுபவமும் தண்டனையைக் குறைக்கும் காரணங்கள் ஆகவில்லை. இப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களில் எத்தனை பேர் அந்த நீதிபதியின் அறை வாசலையாவது மிதித்திருப்பார்கள்? பெரும்பாலும் அது கட்சிக்காரரின் பயத்தைக் காசாக்கும் வேலை.

சிறிய ஊர்களில் நெருக்கடியாக வரும் இன்னொரு விதி, ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறு தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது. உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து வந்து, பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஒரே வழக்கறிஞரிடம் எழுதிக்கொள்கிறார்கள். எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு, தங்கச்சிக்கு என்ன சொல்லி விடுதலைப் பத்திரம் வாங்கினார்கள் என்ற எல்லா உள்விவரமும் அவருக்குத் தெரியும். அஞ்சு வருடம் கழித்துத் தங்கச்சி பங்கு கேட்டு வழக்குப் போடுகிறார். மூத்தவர் அதே வழக்கறிஞரிடம் வருகிறார், இளையவர் தங்கச்சி பக்கம் நிற்கிறார். "நம்ம வக்கீல்தானே" என்று எல்லோரும் நினைக்கும் அந்த மனிதர், யாருக்கும் ஆஜராகாமல் ஒதுங்கிக்கொள்வதுதான் நேர்மை. வருமானமும் உறவும் ஒருசேரப் போகும் கடினமான முடிவு அது. அதைச் சத்தமில்லாமல் எடுத்தவர்களை மதுரையில் எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாத கடமையும் இதோடு சேர்ந்தது. வக்காலத்து முடிந்த பிறகும் அது தொடர்கிறது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இருந்த பாதுகாப்பு இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கும், வழக்கை எடுத்த பிறகு நடந்த குற்றத்துக்கும் மட்டும் அது பொருந்தாது.

இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானம் போடுவது இந்த மாநிலத்தில் பழகிப்போன ஒன்று. கோவையில் காவலர்களுக்கு ஆஜராகக் கூடாது என்று போட்ட தீர்மானத்தைப் பற்றி, முகமது ரஃபி வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது: இப்படிப்பட்ட தீர்மானங்கள் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் எதிரானவை, செல்லாதவை. தன் தகுதிக்கேற்ற ஃபீஸ் கிடைத்தால் வழக்கை ஏற்க வேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று விதி 11 சொல்வதும் இதனால்தான். ஊரே வெறுக்கும் குற்றவாளிக்கும் ஒரு குரல் வேண்டும் என்பதை வழக்கறிஞரே மறந்தால் வேறு யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நீதிமன்றப் புறக்கணிப்பும் அப்படியே. வேலைநிறுத்தம் செய்ய வழக்கறிஞர்களுக்கு உரிமை இல்லை என்று 2002 டிசம்பரில் ஹரிஷ் உப்பல் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. போராட்டத்தின் காரணம் நியாயமாகவே இருக்கட்டும். அன்றைக்கு ஜாமீன் மனு விசாரணைக்கு வர இருந்த ஒருவர் மதுரை மத்தியச் சிறையில் இன்னொரு வாரம் கிடக்கிறார். போராட்டத்தின் விலையை அவர் கொடுக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை.

விளம்பரத் தடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப் பலகை அளவாக இருக்க வேண்டும், பதவிகளைப் போட்டு ஆள் சேர்க்கக் கூடாது. 2008 முதல் இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, எந்த வகை வழக்குகளைப் பார்க்கிறார் என்பது போன்ற விவரங்களை மட்டும் போடலாம். இணையத் தளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. காதுகுத்து ஃப்ளெக்ஸ் வரை முகம் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பார்த்தால், அந்த உத்தரவின் காற்று இன்னும் இங்கே வீசவில்லை என்றுதான் தோன்றுகிறது.

விதி மீறினால் எங்கே போவது? நுகர்வோர் நீதிமன்றக் கதவு மூடிவிட்டது. 2007ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அதைத் திறந்துவிட்டிருந்தது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். ஆனால் ஒரு வழக்கில் நொந்தவரிடம் இன்னொரு வழக்குப் போடச் சொல்வது எளிதில்லை. மீதி இருப்பது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். கண்டிப்பு, குறிப்பிட்ட காலத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை தண்டனைகள். திருப்தி இல்லாதவர் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன் பிறகு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். புகாரோடு வக்காலத்து நகல், பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல், வழக்கின் உத்தரவு நகல்கள் இருந்தால் புகாருக்கு உயிர் இருக்கும். வாய்ச்சொல் மட்டும் இருந்தால் நிற்பது கடினம்.

பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி, கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்துப் புகாரை வாபஸ் வாங்கச் செய்வது மதுரையில் சாதாரணம். கட்சிக்காரருக்குப் பணம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சமரசம் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதியே சொல்கிறது. இந்தப் புகார் இரண்டு பேருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் மட்டும் இல்லை, அடுத்து அதே மேசை முன் உட்காரப்போகும் கட்சிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்குப் பெரிய மனக்குறை தூரத்தைப் பற்றியது. மாநில பார் கவுன்சில் இருப்பது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில். 36B பிரிவின்படி 1 ஆண்டுக்குள் புகாரை முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு, அதாவது டெல்லிக்கு மாறிவிடும். தாமதத்தால் பாதிக்கப்பட்டவருக்கு மேலும் தூரத்தைக் கொடுப்பது என்ன நியாயம்? கன்னியாகுமரிக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் நீதி கேட்டுச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம் என்றுதானே 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளையைத் திறந்தார்கள்? விசாரணையின் நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறிக்கும் அதிகாரம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவருக்கு விதிகளிலேயே இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தென்மாவட்டத்து வழக்கறிஞர்மேல் தென்மாவட்டத்துக் கட்சிக்காரர் கொடுக்கும் புகாரின் விசாரணை மதுரையில்தான் நடக்கும் என்பதை வழக்கமாக்கிவிட்டால், மஞ்சள் பையில் காகிதங்களோடு வரும் மேலூர்க்காரர் காலையில் டவுன் பஸ் ஏறி வந்து சாட்சி சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம்.